வால்வும் இசையும்

கண்ணாடிக் குமிழ் ஒன்று; அதனுள்ளே காற்றில்லை; மெல்லிய இழை ஒன்று செந்நிறமாய் ஒளிர்கின்றது. ஒரு காலத்தில் வானொலிப் பெட்டியின் பின்புறத்தைத் திறந்தவர் கண்ட காட்சி இது. இக்குமிழுக்கு வெற்றிடக் குழல் என்பது பெயர். மக்கள் வழக்கில் அது வால்வு. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதன் பின்னர் வானொலியினின்றும் தொலைக்காட்சியினின்றும் வால்வு மெல்ல மெல்ல மறைந்தது. எனினும், மின்கிதார் வாசிப்போருள் பலர் அதனை இன்றும் கைவிட்டிலர். அதற்குக் காரணம் யாது?

இங்கிலாந்தில் ஜான் அம்புரோஸ் பிளெமிங் என்பார் 1904-இல் இரு மின்வாய் வால்வை அமைத்தார். அதில் சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு, எதிரே உள்ள தகட்டை நோக்கிப் பாய்ந்தன. 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதாக ஒரு கம்பியமைப்பைப் புகுத்தினார். அதுவே கிரிட் எனப்படும் கம்பிவலை. மதகுப் பலகையைச் சிறிது அசைத்தாலும் வாய்க்காலில் ஓடும் நீர் பெரிதும் கூடும், அல்லது குறையும். அதுபோலக் கம்பிவலையில் உண்டாகும் சிறு மின்னழுத்த மாறுதல், தகட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தைப் பெரிதும் மாற்றும். சிற்றொலியைப் பேரொலியாக்கும் திறன் வால்வுக்கு வாய்த்தது இதனாலேயே.

ஆயினும் அத்திறனுக்கும் ஓர் எல்லை உண்டு. தகட்டின் மின்னழுத்தம் ஓர் அளவிற்குமேல் உயராது. அவ்வெல்லையை மீறி ஒலியலையைப் பெருக்க முயன்றால், அலையின் முகடுகள் மழுங்கிவிடும். மழுங்கிய அலையில், மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் புதியனவாகத் தோன்றும், ஒலி கரகரக்கும். பேச்சையும் பாட்டையும் உள்ளவாறே கேட்க விரும்புவோர்க்கு இது குற்றம். மின்கிதார்க் கலைஞர்க்கோ அக்குற்றமே குணமாயிற்று. 1951-இல் மெம்பிஸ் நகரில் ‘ராக்கெட் 88’ என்னும் பாடல் பதிவு செய்யப்பட்டது. வழியில் பழுதுற்ற ஒலிபெருக்கியிலிருந்து கிதாரின் ஒலி கரகரத்து வந்தது. அவ்வொலியை அவ்வாறே பதிந்தனர். பாடலும் புகழ் பெற்றது.

கிதார் வாசிப்பவரின் இரு கைகளும் ஓய்வின்றி இயங்குவன. ஆதலின், ஒலியின் தன்மையை வேண்டும்போது மாற்றுதற்குக் காலால் மிதிக்கும் சிறு பெட்டிகள் தோன்றின. இவை பெடல் எனப்படும். 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘மேஸ்ட்ரோ பஸ்-டோன்’ என்னும் பெடல் டிரான்சிஸ்டரால் இயங்கியது. வால்வின் குழைவான கரகரப்பை விரும்புவோர், அதனையே பெடலில் அமைக்கவும் முற்பட்டனர்.

இங்கே ஓர் இடர் உண்டு. கிதார் ஒலிபெருக்கிகளில் உள்ள வால்வுகளுக்கு 300 வோல்ட்டும் அதற்கு மேலும் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அவற்றின் மின்தேக்கிகளில் உயிரைப் போக்கவல்ல மின்னேற்றம் தங்கியிருக்கும். பழக்கமற்றவர் அவற்றைத் திறத்தல் ஒருபோதும் தகாது.

இவ்விடரைத் தவிர்க்கும் வழியை மோட்டார் வண்டியின் வரலாறு காட்டுகின்றது. 1950-களின் நடுவில் அமெரிக்க வண்டிகளில் 12 வோல்ட்டு மின்கல அடுக்குகள் பெருகின. அவ்வழுத்தத்திலேயே இயங்கும் தனிவகை வால்வுகள் வண்டி வானொலிகளுக்கெனச் செய்யப்பட்டன. டிரான்சிஸ்டர் அவற்றையும் விரைவில் அகற்றியது. ஆயினும், குறைந்த அழுத்தத்திலும் வால்வு பணி செய்யும் என்னும் உண்மை நிலைத்தது. உயர் அழுத்தத்திற்கென அமைந்த 12ஏயு7 என்னும் வால்வும் 12 வோல்ட்டில் இயங்கக் காணலாம்.

இவ்வால்வின் ஒரே குமிழில் இரண்டு பெருக்கிகள் உள்ளன. கிதாரின் ஒலிக்குறி முதற்பெருக்கியின் கம்பிவலையைச் சேர்கின்றது. தகட்டுக்கும் மின்வழங்கிக்கும் இடையே ஒரு லட்சம் ஓம் மின்தடை வைக்கப்படும். தகட்டில் பெருகிய அலை ஒரு மின்தேக்கி வழியே இரண்டாம் பெருக்கிக்குச் செல்லும். மின்தேக்கி, நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, அலையை மட்டும் விடும். இறுதியில் உள்ள திருகு ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தும். இவையனைத்தையும் அலுமினியப் பெட்டியுள் அமைத்து, பெட்டியை மின்சுற்றின் பொது இணைப்போடு சேர்த்தால், புறத்திலிருந்து வரும் இரைச்சல் குறையும்.

இதில் வியப்பொன்று உண்டு. ஒரு தகட்டின் வழியே ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லியாம்பியரில் எட்டில் ஒரு பங்கையும் எட்டாது. இழையைச் சூடேற்றுதற்கோ 150 மில்லியாம்பியர் வேண்டும். ஒரு தகட்டின் வழியே செல்வதைப்போல் ஆயிரம் மடங்கிற்கு மேல் வெப்பத்திற்கே செலவாகின்றது. எனவே, சிறு மின்கலம் விரைவில் தீர்ந்துபோம். கடையில் கிடைக்கும், தரச் சான்று பெற்ற 12 வோல்ட்டு நேர்மின் அடாப்டரே ஏற்றது. அதனைத் திறத்தல் ஆகாது.

இணைப்புகளை ஈயத்தால் பற்றவைக்கும்போது, முதலில் இணைப்பிடத்தைச் சூடாக்கிப் பின்னர் ஈயத்தை உருக்க வேண்டும். நன்கு பற்றாத இணைப்பு ஒலியை இடையிடையே அறுக்கும். நேர்முனையும் எதிர்முனையும் மாறாதிருத்தலைச் சரிபார்த்த பின்னரே மின்சாரம் செலுத்துதல் வேண்டும். இழை சிவந்து சற்று நேரம் கழித்தே ஒலி எழும். குமிழ் சூடேறுமாதலின், அதனைத் தொடாதிருத்தல் நலம்.

மெல்ல மீட்டினால் ஒலி தெளிவாக இருக்கும். வன்மையாக மீட்டினால் கரகரக்கும். 12 வோல்ட்டு என்னும் தாழ்ந்த எல்லை, ஒலியலை விரைவில் மழுங்குதற்கு இடமளிக்கின்றது. உயர்ந்த அழுத்தம் வேண்டிய வால்வுக்கு அது குறையே. அக்குறைதான் இசைக்குச் சுவையையும், அமைக்கும் இளைஞரின் உயிருக்குக் காப்பையும் ஒருங்கே தருகின்றது.