24 மணி நேரப் படம் யாருக்குச் சொந்தம்?

கொல்கத்தா நியூ டவுனில் பிழைப்பின் நிமித்தம் குடியேறிய நம்முடைய குடும்பங்களுக்குச் சொந்த ஊர் வெகு தொலைவில் இருக்கிறது. ஷாலிமாரில் கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறினால் சென்னை சேர ஒரு நாளுக்கும் அதிகமாகிறது. அங்கிருந்து திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ செல்ல இன்னும் ஓர் இரவுப் பயணம். ஆகவே பெற்றோரின் முகத்தை நாமும், பேரப்பிள்ளைகளின் முகத்தை அவர்களும் கைபேசியில்தான் கண்டு மகிழ்கிறோம். அவற்றுள் பல வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருகின்றன. 24 மணி நேரத்தில் மறைந்துபோகின்றன. வண்டி ஏறும்போது கண்ட படம், சென்னையில் இறங்கும்போது இராது.

நம் சபையின் சகோதரர் ஒருவருடைய தகப்பனார், ஊரில் பேரனுக்குச் சைக்கிள் பழக்கிக் கொடுத்த காணொளியைத் தங்கை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். இவர் பார்த்தார், சிரித்தார், வேலைக்குச் சென்றுவிட்டார். மூன்றாம் வாரத்தில் தகப்பனார் காலமானார். அந்தக் காணொளியைத் தேடியபோது, தங்கையின் பழைய கைபேசி பழுதடைந்து, அதிலிருந்த யாவும் அழிந்துபோயிருந்தன. "அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அனுப்பியிருப்பாள், பாஸ்டர்" என்று அவர் கண்ணீர் விட்டார்.

இன்னொரு சகோதரி, சிகிச்சையினால் தலைமுடி உதிர்ந்திருந்த நிலையில் தன் படத்தை நெருங்கிய சிலருக்கு மாத்திரம் ஸ்டேட்டஸில் காண்பித்தார்கள். பார்த்த ஒருவர் அதைச் சேமித்து, "ஜெபியுங்கள்" என்ற வேண்டுகோளோடு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார். நோக்கம் நல்லதே. ஆனால் முதிர்வயதான தாயாருக்குத் தன் நோயை மறைத்து வைத்திருந்தார்கள் அந்தச் சகோதரி. தாயாரோ பக்கத்து வீட்டாரின் கைபேசியில் மகளுடைய அந்த முகத்தைக் கண்டார்கள். அதன்பின் அந்த வீட்டில் நேர்ந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சேமிக்காததால் ஒரு வீட்டில் இழப்பு. சேமித்ததால் ஒரு வீட்டில் காயம். அப்படியானால் செய்யத்தக்கது எது? இரண்டு வீடுகளிலும் குறைவாயிருந்தது ஒன்றே. படத்திற்கு உரியவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

மறைவது ஏன்?

ஒருவர் தம் படத்திற்கு 24 மணி நேர எல்லை வைப்பது, "பார்த்துவிட்டு விட்டுவிடு" என்று சொல்வதற்கு ஒப்பாகும். அது நமக்குக் காட்டப்பட்டதேயன்றிக் கொடுக்கப்பட்டதல்ல. 2023 ஏப்ரலில் வாட்ஸ்அப் நிறுவனம் கொண்டுவந்த ஒரு வசதியைக் கவனியுங்கள். மறையும்படி அமைக்கப்பட்ட செய்தி ஒன்றைப் பெற்றவர் உரையாடலிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால், அனுப்பியவருக்கு அறிவிப்புச் செல்கிறது. அவர் வேண்டாம் என்றால் அது குறித்த காலத்தில் மறைந்துவிடும். ஓர் இயந்திரத்திற்குக் கற்பிக்கப்பட்ட இந்த மரியாதை நமக்கு இல்லாமற்போகலாமா?

எப்படிச் சேமிப்பது?

முதலாவது, கேளுங்கள். "அம்மா, இந்தப் படம் எனக்கு வேண்டும், அனுப்புங்கள்" என்ற ஒரு வரி போதும். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தெளிவு குறையும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் உள்ளபடியே வந்து சேரும். யாரிடம் காட்டலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் சொந்தப் படங்களை ஸ்டேட்டஸை நம்பி விடாதிருங்கள். மூலப் படத்தைக் கைபேசியில் ஒன்றும், கணினியிலோ பென் டிரைவிலோ ஒன்றுமாக இரண்டு இடங்களில் வையுங்கள். இன்ஸ்டாகிராமில் நீங்கள் இடும் ஸ்டோரிகள் உங்களுக்கு மட்டும் தெரியும் 'ஆர்க்கைவ்' பகுதியில் சேரும்படி அமைக்கலாம்.

மூன்றாவது, 'ஸ்டேட்டஸைச் சேமித்துத் தருகிறோம்' என்று அழைக்கும் அந்நியச் செயலிகளுக்கு விலகியிருங்கள். 2014 அக்டோபரில் நடந்தது நமக்கு எச்சரிப்பு. ஸ்னாப்சாட்டில் மறைய வேண்டிய படங்களைச் சேமித்துக் கொடுத்த ஸ்னாப்சேவ்ட் என்ற வெளியார் தளத்திற்குள் திருடர் புகுந்தனர். அங்கே சேர்ந்திருந்த படங்கள் உலகமெங்கும் கசிந்தன. அனுப்பியவர்கள் அவை மறைந்துவிட்டன என்றே எண்ணியிருந்தார்கள்.

நான்காவது, ஒரே முறை பார்க்கும்படி அனுப்பப்பட்டதை ஒருபோதும் பிரதி எடுக்காதிருங்கள். வாட்ஸ்அப் அதன் திரைப்பிரதியைத் தடுக்கிறது. வேறொரு கைபேசியால் படம் பிடித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் முடியும் என்பதெல்லாம் தகும் என்றாகிவிடாது.

சட்டமும் சாட்சியும்

2017 ஆகஸ்டு 24 அன்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் ஒவ்வொருவருடைய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. ஒருவருடைய உடலின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதற்கும் பரப்புவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. வாலிபப் பிள்ளைகளுக்கு இதைப் பெற்றோர் தெளிவாய்ச் சொல்லிவைப்பது நல்லது.

சட்டம் எட்டாத இடங்களும் உண்டு. சகோதரியின் படத்தைப் பரப்பியவரை எந்தச் சட்டமும் தேடி வரவில்லை. நோவாவின் கூடாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மகன் கண்டதை வெளியே வந்து சொன்னான். மற்ற இருவரும் பின்னிட்டு நடந்துசென்று தகப்பனை மூடினார்கள். மூன்று பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

பிரியமானவர்களே, இன்றிரவு உங்கள் கைபேசியைத் திறந்து பாருங்கள். கேளாமல் சேமித்த படம் இருக்குமானால், உரியவருக்கு எழுதி அனுமதி கேளுங்கள்; அவர் வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். அப்படியே, ஊரிலிருக்கும் தகப்பனார் சிரிக்கும் காணொளி ஒன்று இன்றைய ஸ்டேட்டஸில் இருக்குமானால், நாளை வரை காத்திராதிருங்கள். இப்பொழுதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.