அற மதிப்பீடும் அரசியல் கருத்தியலும்: புவனேசுவரத்திலிருந்து ஒரு பார்வை

முன்னுரை

ஒரு சட்டத்தை ஒருவர் அநீதி என்கிறார். மற்றவர் அதனையே கடமை என்கிறார். அரசியல் விவாதங்களில் இதனை அன்றாடம் காண்கிறோம். அவ்வேளையில் எதிர்த்தரப்பினருக்கு அறவுணர்வே இல்லை என முடிவுகட்டுவது எளிது. அம்முடிவு எவ்வளவு பொருந்தும் என்பதை உளவியல் ஆய்வுகளின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. அவ்வாய்வுகளின் திருப்புமுனைகளுள் ஒன்று இந்தியாவில் நிகழ்ந்ததாதலின், இந்தியவியல் துறையினராகிய நாம் இதனை அறிந்திருத்தல் தேவையாகிறது.

படிநிலைக் கோட்பாடு

அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் அற வளர்ச்சியை மூன்று நிலைகளாகவும் ஆறு படிகளாகவும் பகுத்தார். உயிருக்குப் போராடும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்பன போன்ற வினாக்களுக்கு மக்கள் கூறிய காரணங்களைக் கொண்டு அவர்தம் படியை அவர் அளந்தார். உரிமை, நீதி ஆகிய பொதுக் கோட்பாடுகளின்வழிச் சிந்திப்போர் மேற்படியிலும், குடும்பம், சமூக ஒழுங்கு ஆகியவற்றைச் சுட்டுவோர் இடைப்படிகளிலும் அமைந்தனர். இவ்வளவுகோலை அப்படியே ஏற்பின், கடமையையும் தூய்மையையும் முதன்மையாகப் போற்றும் சமூகங்கள் அற வளர்ச்சியில் பின்தங்கியவை என்றாகிவிடும்.

புவனேசுவர ஆய்வு

இம்முடிவை வினாவுக்கு உட்படுத்தியது ரிச்சர்ட் ஷ்வீடரும் அவர்தம் உடன் ஆய்வாளர்களும் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. ஒடிசாவின் புவனேசுவரத்திலும் அமெரிக்காவின் சிகாகோவிலும் வாழ்ந்தோரிடம் 39 நிகழ்வுகள் முன்வைக்கப்பட்டன. கைம்பெண் ஒருவர் மீன் உண்பது அவற்றுள் ஒன்று. சிகாகோவினருக்கு அஃது அறச்சிக்கலாகவே தோன்றவில்லை. புவனேசுவரத்துப் பிராமணர்க்கோ அது பெருங்குற்றமாயிற்று. மீன் சூடான உணவு. அது காம உணர்வைத் தூண்டும். அதனால் மறைந்த கணவனின் ஆன்மா துன்புறும் என அவர்கள் காரணம் கூறினர்.

அவர்தம் நம்பிக்கைகளை அறிந்தால் அன்றி அக்காரணத்தின் ஒழுங்கு விளங்காது. எனினும், விளக்குவது வேறு, நியாயப்படுத்துவது வேறு. அவ்விதியின் சுமையைத் தாங்குபவர் அக்கைம்பெண்ணே என்பதை நாம் மறத்தலாகாது. பின்னாளில் ஷ்வீடர் தன்னுரிமை, சமூகம், தெய்வீகம் என மூவகை அறங்களை வகுத்துரைத்தார்.

உள்ளுணர்வும் காரணமும்

1993ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் மூன்று மாதங்கள் தங்கிய ஜோனதன் ஹைட், ஷ்வீடரின் சிந்தனையை மேலும் விரித்தார். அவர் 2001இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அறத் தீர்ப்பு பெரும்பாலும் உள்ளுணர்வாக நொடியில் பிறக்கிறது; காரணம் பின்னர் வருகிறது. நம் பகுத்தறிவு நடுநிலை நீதிபதியைப்போல் அன்றி, முன்பே முடிவான வழக்குக்காக வாதாடும் வழக்கறிஞரைப்போல் செயற்படுகிறது என்பது அவர் கருத்து.

இதன் தொடர்ச்சியாகப் பரிவு, நேர்மை, பற்றுறுதி, அதிகாரத்திற்கு மதிப்பளித்தல், தூய்மை என்னும் ஐந்து அற அடித்தளங்கள் முன்மொழியப்பட்டன. கிரகாம், ஹைட், நோசெக் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தாராளவாதிகள் முதலிரண்டையே பெரிதும் சார்ந்திருப்பதும், பழமைபேணுவோர் ஐந்தனுக்கும் ஏறக்குறைய ஒத்த இடமளிப்பதும் புலனாயின. எனவே, கருத்தியல் வேறுபாடு அறம் உடையார்க்கும் இல்லார்க்கும் இடைப்பட்டது அன்று. எவ்வறத்திற்கு எவ்வளவு எடை என்பதில் எழுவது எனலாம்.

கருத வேண்டிய வரம்புகள்

இக்கோட்பாடு முடிந்த முடிபு அன்று. மேற்கண்ட அரசியல் முடிவுகள் அமெரிக்கச் சூழலில் உருவானவை. அவற்றைப் பிற நாட்டுக் கட்சிகளுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. 2023ஆம் ஆண்டு வெளிவந்த திருத்திய அளவுகோல், நேர்மை என்னும் அடித்தளத்தைச் சமத்துவம் என்றும், தகுதிக்கேற்ற பங்கு என்றும் இரண்டாகப் பிரித்தது. இருதரப்பினரும் நேர்மை என்னும் ஒரே சொல்லால் வெவ்வேறு பொருள் கொள்வது இதனால் தெளிவாகிறது. கர்ட் கிரே போன்றோர், எல்லா அறத் தீர்ப்புகளுக்கும் தீங்கு பற்றிய உணர்வே வேர் என்று வாதிடுகின்றனர். கணவனின் ஆன்மா துன்புறும் என்ற புவனேசுவர விடையை இக்கருத்தோடும் இணைத்துக் காணலாம்.

முடிவுரை

பைன்பர்க், வில்லர் ஆகியோரின் 2013ஆம் ஆண்டு ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. சுற்றுச்சூழல் பாதுகாப்பை மாசு, தூய்மை ஆகிய கருத்துகளின்வழி எடுத்துரைத்தபோது பழமைபேணுவோரின் ஆதரவு உயர்ந்தது. எதிர்த்தரப்பினர் போற்றும் அறத்தின் மொழியில் பேசுவோர்க்கே அவர்தம் செவி திறக்கிறது.

வாதக் கட்டுரை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இஃது ஒரு வழியைக் காட்டுகிறது. தம் கருத்தை நிறுவுமுன், மாற்றுக் கருத்துடையார் எவ்வறத்தைக் காக்க முனைகின்றனர் என்பதை, அவரே ஏற்கும் வகையில் எழுதுமாறு மாணவர்களைப் பணிக்கலாம். அதன்பின் அக்கருத்தை மறுக்கவும் செய்யலாம். அவ்வாறு எழும் மறுப்பே எதிர்த்தரப்பினரின் உண்மையான கருத்திற்குரிய மறுப்பாக அமையும் எனக் கருதுகிறோம்.