5 கோடியில் 2.35 கோடி ஒரே டிஃபெண்டருக்கு: ஷாட்லூயி புனேரி பல்தானுக்குப் பொருந்தினாரா?

2023 அக்டோபர், மும்பை. புரோ கபடி லீக் 10-வது சீசனுக்கான ஏலம். ஈரான் வீரர் முகமதுரேசா ஷாட்லூயியை 2.35 கோடி ரூபாய்க்கு எடுத்தது புனேயின் அணியான புனேரி பல்தான். வெளிநாட்டு வீரருக்கு இந்த லீக்கில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஒரு அணி வீரர்களுக்காகச் செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகையே 5 கோடிதான். அதில் 47 சதவீதம் ஒரே ஆளுக்கு. அதுவும் பாடிப் போகிற ரெய்டருக்கு இல்லை, பிடிக்கிறவருக்கு!

இது சரியா வருமா என்று ஏலத்தன்றே கணித்திருக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். ஆனா, எல்லோரும் பார்க்கிற நம்பரை வைத்து இல்லை.

டேக்கிள் பாயின்ட் சொல்லாதது

பாட்னா பைரேட்ஸுக்காக ஷாட்லூயி 8-வது சீசனில் 89, 9-வது சீசனில் 84 டேக்கிள் பாயின்ட் எடுத்திருந்தார். பார்த்ததும் 'தூக்கிடலாம்' என்று தோணும். கொஞ்சம் பொறுங்க.

களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது ரெய்டரைப் பிடித்தால் அது சூப்பர் டேக்கிள். ஒன்றுக்குப் பதில் இரண்டு பாயின்ட். அப்படியென்றால், அடிக்கடி ஆட்களை இழக்கிற அணியின் டிஃபெண்டருக்குத்தான் இந்த வாய்ப்பு அதிகம். எண்ணிக்கை பெரிதாக இருப்பது சில நேரம் அவருடைய அணி பலவீனம் என்பதையும் காட்டும்.

இன்னொன்று, தவறிய பிடிகள் அந்த எண்ணில் இருக்காது. பிடிக்கப் போய்க் கோட்டை விட்டால் எதிரணிக்கு ஒரு பாயின்ட், உங்க ஆள் வெளியே. 7 முறை பாய்ந்து 5 பிடித்தவரும், 10 முறை பாய்ந்து 5 பிடித்தவரும் டேக்கிள் பட்டியலில் ஒன்றுதான். ஷாட்லூயி காத்திருந்து பிடிக்கிற ரகம் இல்லை. ரெய்டர் சுதாரிப்பதற்குள் மேலே பாய்கிற ரகம். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம், கோச்சுக்கு ரத்தக் கொதிப்பு.

புனேயில் என்ன இருந்தது?

முதலில், ஒரு காலியிடம். 9-வது சீசனில் இடது கார்னரில் நின்றவர் கேப்டன் ஃபசல் அத்ராச்சலி. இறுதிப்போட்டியில் ஜெய்ப்பூரிடம் 33-29 என்று தோற்ற பிறகு அவர் அணியில் இல்லை. ஷாட்லூயியின் இடமும் அதே இடது கார்னர்தான்.

இரண்டாவது, கூட நிற்கிறவர்கள். கார்னர் வீரர் காலைப் பிடித்தால் மட்டும் போதாது. ரெய்டர் நடுக்கோட்டைத் தொடுவதற்குள் கவர் வீரர் வந்து மோதவோ மறிக்கவோ வேண்டும். புனேயின் வலது கவரில் தமிழ்நாட்டுக்காரர் அபினேஷ் நடராஜன், இடது கவரில் சங்கேத் சாவந்த். இரண்டு பேருமே இளசுகள், வேகமானவர்கள்.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமா நினைக்கிறேன். அது டிஃபென்ஸிலேயே இல்லை. அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் போன்ற ரெய்டர்கள் ஒரு பாயின்ட் எடுத்தால் வெளியே உட்கார்ந்திருக்கிற ஒருவர் உள்ளே வரலாம். ஷாட்லூயி அவசரப்பட்டு அவுட்டானாலும் சீக்கிரமே திரும்பிவிடுவார். அவருடைய ரிஸ்க்குக்கான விலை இந்த அணியில் குறைவு. ரெய்டிங் சொதப்புகிற அணியில் இதே ஆட்டம் பெரிய தலைவலி.

முடிவு தெரிந்ததுதான். 24 ஆட்டங்களில் 99 டேக்கிள் பாயின்ட், அந்த சீசனில் வேறு எவரையும் விட அதிகம். லீக் சுற்றின் 22 ஆட்டங்களில் புனே தோற்றது இரண்டில் மட்டும். 2024 மார்ச் 1 அன்று ஹைதராபாத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸை 28-25 என்று வென்று முதல் கோப்பை.

அப்புறம்?

அடுத்த ஏலத்தில் அவரை 2.07 கோடிக்கு எடுத்தது அதே ஹரியானா. 2024 டிசம்பர் 29 அன்று புனேயின் பாலேவாடி அரங்கத்தில் பாட்னாவை 32-23 என்று வீழ்த்திக் கோப்பையையும் வென்றது. தொடரின் மிக மதிப்புமிக்க வீரர் ஷாட்லூயி. புனேரி பல்தான் பிளே-ஆஃபுக்கே வரவில்லை.

ஷாட்லூயி போனதுதான் காரணமா? அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த சீசனின் நடுவில் கேப்டன் அஸ்லமும் காயத்தால் வெளியேறினார். அவுட்டான டிஃபெண்டர்களைத் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டிய ஆளே இல்லை. 2025-ல் அஸ்லம் திரும்பினார். ஷாட்லூயி இல்லாமலே புனே மறுபடி இறுதிப்போட்டிக்கு வந்து, டெல்லியிடம் 31-28 என்று தோற்றது.