பீட்டில்ஸ் ராக் பேண்ட்: இப்போ வாங்கலாமா?

‘தி பீட்டில்ஸ்: ராக் பேண்ட்’ வந்தது 2009 செப்டம்பர் 9. பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360, வீ, இந்த மூணு கன்சோலுக்கு மட்டும்தான். இவ்வளவு வருஷம் கழிச்சு அதைப் பழைய பொருளா தேடிப்பிடிச்சு வாங்கணுமான்னு கேட்டா, என் பதில்: உங்க ரூம்ல டிவியைச் சுத்தி நாலு பேர் சேருவாங்கன்னா வாங்கலாம். தனியா விளையாடத்தான்னா வேண்டாம். ஏன்னு புரியணும்னா இந்த கேம் உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும்.

வெளியில பார்த்தா ரொம்ப சிம்பிள். கிட்டார் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கன்ட்ரோலர், கழுத்துல அஞ்சு கலர் பட்டன். திரையில கலர் கலரா நோட்டு உருண்டு வரும். சரியான நேரத்துல பட்டனைப் பிடிச்சுக்கிட்டு தட்டணும். டிரம்ஸுக்கு நாலு பேடும் ஒரு பெடலும். பாடுறவங்களுக்கு மைக். முக்கியமான விஷயம் ஒண்ணு: நீங்க நோட்டைத் தவறவிட்டா, பாட்டுல உங்க வாத்தியம் மட்டும் நின்னுடும். மத்தவங்க வாசிக்கிறது ஓடிக்கிட்டே இருக்கும். இதனாலதான் ‘நான்தான் வாசிக்கிறேன்’னு ஒரு நம்பிக்கை வருது.

இதுக்கு ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக்கா இருக்கணும். இன்னைக்குப் பதிவாகுற பாட்டுக்கு அது பெரிய விஷயமே இல்ல. பீட்டில்ஸுக்கு அதுதான் தலைவலி. அவங்க முதல் ஆல்பத்தோட பெரும்பகுதி 1963 பிப்ரவரி 11 அன்னைக்கு ஒரே நாள்ல பதிவானது, அதுவும் வெறும் ரெண்டு டிராக் டேப்புல. குரல் ஒரு பக்கம், கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் ஒண்ணா இன்னொரு பக்கம். கலந்த சாம்பார்ல இருந்து பருப்பைத் தனியா எடுக்கிற வேலை அது. ‘ட்விஸ்ட் அண்ட் ஷௌட்’ இந்த கேம்ல இருக்கு, அது அன்னைக்குப் பதிவானதுதான்.

அந்த வேலையைத் தலையில போட்டுக்கிட்டவர் ஜைல்ஸ் மார்ட்டின். பீட்டில்ஸோட தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன். அப்பா சேர்த்ததை மகன் பிரிச்சார்னு சொல்லலாம்! ஆபி ரோடு ஸ்டுடியோ இன்ஜினியர்களோட சேர்ந்து, அலைவரிசையை வச்சு வடிகட்டுற மென்பொருளால பழைய டேப்பைப் பிரிச்சாங்க. நம்ம சிக்னல் ப்ராசஸிங் பேப்பர்ல படிச்ச ஃபில்டர்தான், ஆனா இங்க கிக் டிரம்மும் பேஸும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில உட்கார்ந்திருக்கும். ஒண்ணை வெட்டினா இன்னொண்ணும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும். 1968-ல எட்டு டிராக் வந்தப்புறம் பதிவான பாட்டுகளுக்கு இந்தச் சிரமம் குறைவு. இப்போ இந்த வேலைக்கு ஏஐ வந்துடுச்சு, 2022-ல வந்த ‘ரிவால்வர்’ புது மிக்ஸ் அப்படிப் பிரிச்சு செஞ்சதுதான். 2009-ல அந்த வசதி இல்ல.

இதனால விளையாடுறவங்களுக்கு என்ன லாபம்? காது மாறும். ‘சம்திங்’ பாட்டை நான் இயர்போன்ல எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், பேஸ்னு ஒண்ணு இருக்குறதே மனசுல பதிஞ்சதில்ல. ஒரு சீனியர் வீட்ல அதே பாட்டுக்கு பேஸ் எடுத்து உட்கார்ந்தப்போதான் தெரிஞ்சது, மெக்கார்ட்னி கீழே தனியா இன்னொரு பாட்டே பாடிக்கிட்டு இருக்கார். நான் தவறவிட்ட நேரம் எல்லாம் பாட்டுல ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருந்துச்சு. ரெவ்யூ படிச்சா இது புரியாது.

அடுத்த பெரிய விஷயம் குரல். ராக் பேண்ட் வரிசையிலயே முதல் தடவையா மூணு பேர் ஒரே நேரத்துல வேற வேற சுருதியில பாடுற வசதி இதுலதான் வந்துச்சு. கிட்டார், பேஸ், டிரம்ஸ், மூணு மைக், மொத்தம் ஆறு பேர் வரைக்கும் விளையாடலாம். ‘பேப்பர்பேக் ரைட்டர்’ மூணு குரலும் சேர்ந்தாதான் பாட்டு. தனியா ஒரு மைக் வச்சுக்கிட்டுப் பாடினா பாதிப் பாட்டுதான் கிடைக்கும். நான் முதல்லயே ஆள் கணக்கு கேட்டது இதுக்குத்தான்.

‘இதை விளையாடினா கிட்டார் கத்துக்கலாமா’ன்னு கேட்கிறவங்களுக்கு: முடியாது. அஞ்சு பட்டனுக்கும் ஆறு கம்பிக்கும் சம்பந்தமே இல்ல. டிரம்ஸ் மட்டும் விதிவிலக்கு. எக்ஸ்பர்ட் லெவல்ல கையும் காலும் செய்றது நிஜ டிரம்ஸுக்கு ரொம்பப் பக்கத்துல வரும்.

இப்போ குறைகள். டிஸ்க்ல இருக்கிறது 45 பாட்டு. முழு ‘ஆபி ரோடு’ ஆல்பம் உட்பட இன்னும் சில பாட்டுகளைத் தனியா காசு குடுத்து இறக்கிக்கலாம்னு இருந்துச்சு, 2016 மே மாசத்தோட அந்த விற்பனையை நிறுத்திட்டாங்க. புதுசா வாங்குற நமக்கு 45-தான், அவ்வளவுதான். அந்த 45-ஐ மத்த ராக் பேண்ட் கேம்களுக்கு மாத்தவும் முடியாது. பிஎஸ்4, பிஎஸ்5-ல பிஎஸ்3 டிஸ்க் ஓடாது, அதனால பழைய கன்சோலே வேணும்.

டிவியும் வம்பு பண்ணும். நிமிஷத்துக்கு 120 தட்டு வேகத்துல ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட், அதுல கால் பங்கு 125. உங்க டிவி படத்தைக் காட்ட 80 மில்லிசெகண்ட் தாமதிச்சா, நீங்க சரியா அடிச்சாலும் கேம் தப்புன்னு சொல்லும். டிவியை கேம் மோடுல போட்டுட்டு, கேலிபிரேஷன் திரையில படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனியா சரிசெய்யுங்க. இதைச் செய்யாமலே ‘எனக்குத் தாளமே வராது’ன்னு ஒதுங்கிப்போன ஆளுங்களைப் பார்த்திருக்கேன். பாவம், தப்பு டிவி மேல.

தனி ஆளா ரிதம் கேம் ஆசை மட்டும் இருந்தா, ‘க்ளோன் ஹீரோ’ கம்ப்யூட்டர்ல இலவசம், கீபோர்டே போதும்.

இல்ல, வாங்கியே ஆகணும்னா டிஸ்க்கைக் கடைசியா பாருங்க, முதல்ல வாத்தியங்களைப் பாருங்க. பிஎஸ்3 வயர்லெஸ் கிட்டார் ஒவ்வொண்ணுக்கும் அதுக்கே உரிய ஒரு யூஎஸ்பி டாங்கிள் உண்டு. அது தொலைஞ்சா கிட்டார் வெறும் பொம்மை. பிஎஸ்3 ஸ்லிம்ல ரெண்டே யூஎஸ்பி போர்ட், அதனால ஹப் ஒண்ணு கணக்குல சேர்த்துக்கோங்க. விக்கிறவர்கிட்ட போட்டோ கேட்காதீங்க, டாங்கிள் செருகி, அஞ்சு பட்டனும் டிரம் பெடலும் வேலை செய்ற வீடியோ கேளுங்க. அனுப்பத் தயங்கினா அடுத்த ஆளைப் பாருங்க.