மலையே இல்லாத தஞ்சாவூரில் மவுண்டன் பைக்... எதை வாங்கலாம், எங்கே ஓட்டலாம்?

“அண்ணே, டபுள் ஷாக்ஸ் வண்டி இருக்கா?” சைக்கிள் கடைக்குள் நுழையும் இளைஞர்கள் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். கடை வாசலிலேயே அது நிற்கும். முன்னும் பின்னும் ஸ்பிரிங், தடித்த டயர், பளபளக்கும் டிஸ்க் பிரேக், ‘21 ஸ்பீடு’ ஸ்டிக்கர். பார்க்க பைக் மாதிரியே இருக்கும். வாங்கிய முதல் வாரம் பெரிய கோயில் வரை ஒரு ரவுண்டு, அடுத்த வாரம் புது ஆற்றங்கரையில் ஒரு ரவுண்டு. மூன்றாவது மாதம் போர்டிகோவில் நிற்கும், ஹேண்டில்பாரில் துண்டு காயும்.

ஓட்டுபவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. இந்த மண்ணுக்கு ஒத்துவராத வண்டியை வாங்கியதுதான்.

டெல்டாவில் ஏற்றம் என்று சொன்னால் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். கல்லணையில் பிரியும் தண்ணீர் மோட்டார் இல்லாமலே கடைமடை வரை ஓடும் அளவுக்கு மெல்லிய சரிவு. அப்படியென்றால் மவுண்டன் பைக் இங்கே எதற்கு? மலைக்காக அல்ல, மண் பாதைக்காக. ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, வல்லம் பக்கத்துச் செம்மண் தடம் என்று தார் முடிகிற இடத்தில் இதற்கு வேலை இருக்கிறது.

ஸ்பிரிங் கடைசியாகத்தான் வந்தது

இந்த விளையாட்டு பிறந்தது 1970-களில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள மரின் கவுன்ட்டி மலைச்சரிவுகளில். தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மண் பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976 அக்டோபரில் அங்கே நடந்த பந்தயத்தின் பெயர் ‘ரீபேக்’. ஒருமுறை இறங்கினாலே பின் சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும், மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். பெயருக்குக் காரணம் அதுதான். அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் இதற்கென்றே தனி ஃபிரேம் செய்தார். 1981-ல் ‘ஸ்பெஷலைஸ்டு’ நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக்கிங்குக்கு இடம் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அந்த முதல் வண்டிகள் எதிலும் ஷாக்ஸ் கிடையாது. அகல டயர், உறுதியான ஃபிரேம், நம்பகமான பிரேக், இந்த மூன்றும்தான் மவுண்டன் பைக். ஸ்பிரிங் பிறகு சேர்ந்த வசதி.

விலை குறைந்த வண்டியில் பின் ஷாக்ஸ் வசதிகூட அல்ல, பாரம். பெடலை மிதிக்கும்போதெல்லாம் வண்டி மேலும் கீழும் ஆடும். காலின் பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங்கே தின்றுவிடும். சமதளத்தில் மணிக்கணக்கில் மிதிக்க வேண்டிய டெல்டாவில் இது தேவையில்லாத தண்டம். நல்ல டபுள் ஷாக்ஸ் வண்டிகள் உண்டு. ஆனால் அவற்றின் விலையில் ஒரு மோட்டார் பைக்கே வாங்கலாம்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது ‘ஹார்டுடெயில்’, அதாவது முன்னால் மட்டும் ஷாக்ஸ் உள்ள வண்டி. 80 முதல் 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க் போதும். தார் ரோட்டில் அதைப் பூட்டிவைக்கும் ‘லாக் அவுட்’ இருந்தால் நல்லது. ஷாக்ஸே இல்லாத ஃபோர்க் என்றாலும் குறையில்லை. ஓட்டுவதில் முக்கால்வாசி தார் ரோடுதான் என்றால், மனசாட்சிப்படி சொல்வதானால், மவுண்டன் பைக்கே வேண்டாம். கொஞ்சம் அகல டயர் போட்ட ஹைபிரிட் சைக்கிள் போதும்.

உடம்புக்கு அளவு, சேற்றுக்கு இடைவெளி

ஆஃபரைப் பார்த்து ஆன்லைனில் தட்டிவிடும் முன் ஒருமுறை கடையில் ஏறி நின்று பாருங்கள். ஃபிரேமின் மேல் குழாய்க்குக் குறுக்கே, இரண்டு காலும் தரையில் பதிய நிற்கும்போது, குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஐந்தரை அடி உயரம் உள்ளவருக்குப் பெரும்பாலும் 16 அல்லது 17 அங்குல ஃபிரேம் பொருந்தும். ஒவ்வொரு கம்பெனியின் அளவும் சற்று மாறும் என்பதால் ஏறிப் பார்ப்பதே சரி. சக்கரம் 27.5 அங்குலமா 29 அங்குலமா என்று கடையில் பெரிய விவாதமே நடக்கும். தொடங்குபவருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை.

முக்கியம் வேறொன்று. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விரல் நுழைகிறதா? டெல்டாவின் களிமண் ஈரத்தில் பசை. டயரில் அப்பி, ஃபோர்க்கில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். காய்ந்துவிட்டாலோ, டிராக்டர் போன தடம் கல்லாக இறுகி ஹேண்டில்பாரை இழுக்கும். 2 அங்குல அகலத்தில், பட்டன்கள் தள்ளித் தள்ளி அமைந்த டயர் இதற்குத் தோது. சேற்றில் டிஸ்க் பிரேக் நல்லது. வயர் இழுக்கும் சாதாரண டிஸ்க் என்றால் தெருமுனைக் கடையிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதற்குத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

கியர்? 21 என்பது முன்னால் 3, பின்னால் 7 பற்சக்கரம். சமதளத்தில் அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள். முன்னால் ஒன்று, பின்னால் 8 இருந்தாலே தாராளம்.

சீமைக் கருவேல முள்ளைப் பற்றி எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். கரையோரம் ஓட்டினால் பஞ்சர் நிச்சயம். ஸ்பேர் ட்யூப், டயர் நெம்பும் லீவர் இரண்டு, கைப்பம்ப் மூன்றும் பையில் இருக்கட்டும். ட்யூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். ஒடிந்த முள் நுனி அங்கேயே இருந்தால் புது ட்யூபும் போச்சு. கார் டயரில் உள்ள மாதிரி வால்வு இருக்கும் ட்யூபாக வாங்கினால் பெட்ரோல் பங்கிலேயே காற்று பிடிக்கலாம். மண் பாதைக்கு 35 முதல் 40 பிஎஸ்ஐ போதும்.

எங்கே, எப்போது?

தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டரில் திருவையாறு. போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகள். பஸ் அதிகம் ஓடும் ரோடு, அதனால் விடியற்காலையில் கிளம்புங்கள். அகலமான கரைப்பாதை இருக்கும் பாலத்தில் இறங்கித் திரும்பினால் பயிற்சி தொடங்கிவிடும். மழைக்கு மறுநாள் என்றால் அந்தப் பக்கமே வேண்டாம். வல்லம் பக்கம் போங்கள். அங்கே சரளை கலந்த செம்மண், தண்ணீர் சீக்கிரம் வடியும். சின்னச் சின்ன ஏற்ற இறக்கமும் கிடைக்கும்.

ஊர்க்காரர்கள் ‘புது ஆறு’ என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் 1934-ல் வெட்டி முடிக்கப்பட்டது. கரை பார்க்க அழகு. ஆனால் கான்கிரீட் சரிவு போட்ட இடங்களில் விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இல்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும், ஜனவரி 28-ல் மூடப்படும். அந்த மாதங்களில் தண்ணீர்ப் பக்கத்தை விட்டு ஒதுங்கியே ஓட்டுங்கள், இருட்டிய பிறகு வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய கரையில் டயர் தடம் பதிந்தால், அந்தத் தடத்திலேயே தண்ணீர் ஓடி மண்ணை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வண்டிக்கு ஓய்வு கொடுப்பதே நியாயம்.

வரப்பில் ஓட்டும் ரீல்ஸ் நிறைய வருகிறது. வரப்பு பாதை அல்ல, வயலில் தண்ணீரைத் தேக்கி நிறுத்தும் சுவர். நண்டு வளையால் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருக்கும், அதன் மேல் சக்கரம் ஏறினால் உடையும். அறுவடை முடிந்த வயல் சும்மாதானே கிடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். தாளுக்கு நடுவே அது முளைத்துக்கொண்டிருக்கும். தை, மாசியில் ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நெல் மணியில் டயர் வழுக்கும். ஆறு மாத உழைப்பும் அதில் கிடக்கிறது.

கால் பழகியபின் மலை வேண்டுமென்றால் துறையூர் வழியாகப் பச்சைமலை. அதற்கும் மேல், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை. இங்கேதான் அந்த ஹார்டுடெயிலின் கியர் எல்லாம் வேலைக்கு வரும். ஏறுவது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்குவதில்தான் கவனம் வேண்டும். கிளம்பும் முன் பிரேக் பேடு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கை இடைவிடாமல் அழுத்தியபடியே வராமல், வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து வளைவில் விடுங்கள். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று டிஸ்க்கை ஆறவிடுங்கள், கையால் தொட வேண்டாம்.