இழுபடும் மிட்டாய், இழுபடும் பேச்சு

"கதையைச் சவ்வு மிட்டாய் மாதிரி இழுக்காதே!" பெடாஸ் தோட்டப்புறத்தில் இதைக் கேட்காத காது உண்டா? விடாமல் பின்னால் வருபவனைச் 'சூயிங்கம் மாதிரி ஒட்டிக்கொண்டான்' என்கிறோம். வாயில் மென்றது பேச்சிலும் ஒட்டிக்கொண்டது.

ஊதினால் குமிழாகும் பபிள்கம்மை 1928-இல் உருவாக்கியவர் அமெரிக்கரான வால்டர் டீமர். அக்காலச் சூயிங்கத்துக்கு மரப்பாலே மூலப்பொருள். மத்திய அமெரிக்கச் சிக்கு மரத்தின் பாலோடு, நம் காட்டு ஜெலுத்தோங் மரத்தின் பாலும் அதற்குப் பயன்பட்டது. ரப்பரைப் போலவே பட்டையைக் கீறி எடுத்த பால்! இன்று பெரும்பாலும் செயற்கைப் பசைதான்.

மிட்டாய் இழுபடுவது அதன் குணம். திக்கிப் பேசும் பிள்ளை வேண்டுமென்றா இழுக்கிறான்? பெற்றோர்களே, 'சவ்வாய் இழுக்காதே' என்று அதட்டினால் அவன் மறுமுறை வாய் திறக்கவே அஞ்சுவான். சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.