விரல் ஏன் நிற்பதில்லை?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தது. பல வீடுகளில் அம்மாவின் போன் பிள்ளையின் கைக்கு மாறியது அப்போதுதான். பாடம் முடிந்தும் அது கையை விட்டு இறங்கவில்லை.

இன்பம் தருவது மூளையில் சுரக்கும் டோபமின் என்பார்கள். அது பாதி உண்மை. நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை ஆராய்ந்தபோது, எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமின் நரம்பணுக்கள் துள்ளின. பழகிய சாற்றுக்கு அவை அசையவில்லை. டிக்டொக்கில் அடுத்த காணொளி சப்பென்று இருக்குமோ, சிரிக்க வைக்குமோ தெரியாது. அந்தத் தெரியாமைதான் விரலைத் தள்ளுகிறது.

சனசமூக நிலையத்தில் பேப்பர் பார்ப்பவருக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று வரும். நடுத்தாளைக் கேட்டு ஒருவர் கை நீட்டுவார், ஊர்க்கதை தொடங்கும். போனில் அந்தக் கடைசிப் பக்கமே இல்லை. 2006இல் வடிவமைப்பாளர் ஏசா ரஸ்கின் உருவாக்கிய முடிவில்லா உருட்டல் அதை எடுத்துவிட்டது. பிறகு அவரே அதற்காக வருந்தினார் (வருந்தி என்ன பயன்?).

இந்த முடிவில்லா உருட்டலில் முதலில் பறிபோவது நித்திரை. படித்ததை மூளை நிலைப்படுத்த நித்திரை உதவுகிறது. உயர்தரப் பரீட்சைக்காரருக்கு, ரியூசன் காசைவிடப் பெரிய நட்டம் இது.